ஆன்லைனில் கிரிக்கெட் பேட்: ஆர்டர் போடும் முன்னும் பார்சல் வந்த பின்னும்

கடையில் பேட் வாங்குபவர் ஐந்தாறு பேட்டைக் கையில் எடுப்பார், தூக்கிப் பார்ப்பார், பந்தைத் தட்டிப் பார்ப்பார், ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் திருப்பி வைத்துவிடுவார். ஆன்லைனில் அது நடக்காது. அங்கே இருப்பது ஒரு படம். அந்தப் படத்தில் இருக்கும் பேட்டும் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. அதே பெயரில் வேறு ஒரு பேட்தான் வரும். பேட் மரத்தில் செய்வது, ஒவ்வொரு மரத்துண்டும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதனால் கை செய்திருக்க வேண்டிய வேலையைக் கேள்வி கேட்டும், எடை போட்டும், ரிட்டர்ன் வசதியை விட்டுவிடாமலும் ஈடுகட்ட வேண்டும். இந்தக் கட்டுரை அதற்குத்தான். முதல் தடவை சொந்தக் காசில் பேட் வாங்குகிறவர்களையும், பிள்ளைக்கு வாங்கித் தரும் பெற்றோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

எந்தப் பந்து என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வட சென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஆடுவதில் பெரும்பகுதி டென்னிஸ் பந்துதான். அதிலும் லேசான பந்து ஒன்று, கனமான ஹார்ட் டென்னிஸ் பந்து ஒன்று. சில இடங்களில் கெட்டியான ரப்பர் பந்தான ஸ்டம்பர் பந்தில் ஆடுகிறார்கள். அகாடமியில் சேர்ந்தவர்களும் லீக் ஆடுபவர்களும் லெதர் பந்தில் ஆடுகிறார்கள். இந்த நான்குக்கும் ஒரே பேட் ஆகாது.

லெதர் பந்துக்கான பேட் அழுத்தி, எண்ணெய் விட்டு, தட்டிப் பழக்கிய மரம். டென்னிஸ் பந்துக்கான பேட் எடை குறைவு. பின்பக்கம் குடைந்து எடுத்த ஸ்கூப் வகைகளும் உண்டு. அதை எடுத்துக்கொண்டு லெதர் பந்தை அடித்தால் சில ஓவரிலேயே விரிசல் விழும். விலை உயர்ந்த இங்கிலீஷ் வில்லோ மரப் பேட்டில் ஸ்டம்பர் பந்தை அடித்தாலும் அதன் முகத்தில், அதாவது பந்து படும் பக்கத்தில், குழி விழும். தேடும் பெட்டியில் வெறும் 'கிரிக்கெட் பேட்' என்று தட்டினால் எல்லாம் கலந்துதான் வரும். 'ஹார்ட் டென்னிஸ் பேட்' என்றோ 'லெதர் பால் பேட்' என்றோ பிரித்துத் தேடுங்கள். விற்பனைப் பக்கத்தில் எந்தப் பந்துக்கு என்று எழுதியே இல்லாவிட்டால் அந்தப் பேட்டை விட்டுவிடலாம்.

டென்னிஸ் பேட் விளம்பரங்களில் 'எட்ஜ் 45 மில்லிமீட்டர்' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். எட்ஜ் என்பது பேட்டின் பக்கவாட்டு ஓரம். தெருவில் ஆட அது பிரச்சினை இல்லை. ஆனால் கிரிக்கெட் சட்டப்படி எட்ஜ் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, பேட்டின் தடிமன் 67 மில்லிமீட்டர், அகலம் 108 மில்லிமீட்டர், மொத்த நீளம் 38 அங்குலம், அவ்வளவுதான். எட்ஜுக்கும் தடிமனுக்கும் இந்த வரம்பு 2017 அக்டோபரில் வந்தது. நாளைக்கு லீக் ஆடும் எண்ணம் இருந்தால் இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எடை என்ன, உங்கள் அளவு என்ன

என்னைக் கேட்டால் பேட் வாங்குவதில் பாதி இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. மரம் சுமார் என்றாலும் எடை சரியாக இருந்தால் ரன் வரும். மரம் பிரமாதமாக இருந்து எடை அதிகமாகிவிட்டால் ஷாட் தாமதமாகும், மணிக்கட்டு வலிக்கும், கொஞ்ச நாளில் அந்தப் பேட் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

எந்த எடை ஒத்துவரும் என்று தெரிய ஒரு பைசா செலவில்லை. உங்கள் டீமில் யாருடைய பேட் உங்கள் கைக்குப் பிடித்திருக்கிறதோ, அதை வாங்கிப் போய் அண்ணாச்சி கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பாருங்கள். கிரிப்போடு எவ்வளவு காட்டுகிறதோ அதுதான் உங்கள் எண். இரண்டு மூன்று பேட்டை இப்படி எடை போட்டால் உங்களுக்கான வரம்பு கிடைத்துவிடும். டென்னிஸ் பந்து ஆடுபவர்களுக்குப் பெரும்பாலும் 850 முதல் 1000 கிராம் வரை போதும். லெதர் பந்து ஆடும் பெரியவர்கள் 1130 முதல் 1220 கிராம் வரை வைத்துக்கொள்கிறார்கள். ஒல்லியான உடம்புக்குக் கீழ் எண்ணே நல்லது.

தராசு சொல்லாத ஒன்றும் உண்டு. ஒரே எடையுள்ள இரண்டு பேட்டில் ஒன்று லேசாகவும் இன்னொன்று கனமாகவும் தூக்கும். கீழ்ப்பக்கம் மரம் அதிகம் இருந்தால் கனமாகத் தெரியும். அதற்கு ஒரு சோதனை: ஆடும்போது ஹேண்டிலின் மேல்பக்கம் இருக்கும் கையால் மட்டும் பேட்டைப் பிடித்து, கையை முன்னால் நீட்டித் தோள் உயரத்துக்குத் தூக்கிக் கொஞ்ச நேரம் அப்படியே வையுங்கள். மணிக்கட்டு தாழ்ந்துகொண்டே போனால் அந்தப் பேட் உங்களுக்கு அதிகம்.

முடிந்தால் பெரியமேடு போய் வாருங்கள். நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள அந்தப் பகுதியில் விளையாட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றன. வண்ணாரப்பேட்டையிலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ பெரிய தூரம் இல்லை. அரை மணி நேரம் பத்து பேட்டைத் தூக்கிப் பார்த்தால் எத்தனை விமர்சனம் படித்தாலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும். அங்கேயே விலை ஒத்துவந்தால் அங்கேயே வாங்கிவிடுங்கள். நூறு இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்காக, கையில் பிடித்துப் பார்த்த பேட்டை விட்டுவிட்டுப் பார்க்காத பேட்டுக்கு ஆர்டர் போடுவதில் அர்த்தமில்லை. கடைக்காரரின் நேரத்துக்கும் மரியாதை உண்டு.

ஆன்லைனில் எடையை '2.8', '2.10' என்றும் எழுதுவார்கள். இது கிலோ இல்லை, பவுண்டும் அவுன்ஸும். 2.8 என்றால் 2 பவுண்டு 8 அவுன்ஸ், அதாவது சுமார் 1134 கிராம். 2.10 என்பது அதைவிட அதிகம், சுமார் 1190 கிராம். எடையே போடாமல் 'லைட் வெயிட்' என்று மட்டும் எழுதியிருந்தால் விற்பவரிடம் கேளுங்கள்: "கிரிப்போடு எத்தனை கிராம்?" ஐம்பது கிராமுக்குள் ஒரு வரம்பு சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது, "வளர்ற பையன், அடுத்த வருஷமும் ஆகும்" என்று பெரிய சைஸ் எடுப்பது நம் வீடுகளில் சகஜம். துணிக்கு அது சரி, பேட்டுக்கு வேண்டவே வேண்டாம். நீளமான, கனமான பேட்டைப் பிடிக்கும் பிள்ளை கீழ் கையால் இழுத்து அடிக்கப் பழகிவிடும்; நேராக ஆடும் பழக்கமே வராது, பின்னால் திருத்துவது மகா கஷ்டம். சுமாராகச் சொன்னால் நாலரை அடி உயரத்துக்கு 4-ஆம் சைஸ், ஐந்தடிக்கு 6-ஆம் சைஸ், ஐந்தடி மூன்று அங்குலம் வாக்கில் ஹாரோ (பெரியவர்கள் சைஸுக்கு முந்தைய சைஸ்), ஐந்தடி ஆறு அங்குலத்துக்கு மேல் பெரியவர்களின் ஷார்ட் ஹேண்டில். லாங் ஹேண்டில் ஆறடி இரண்டு அங்குலம் தாண்டியவர்களுக்குத்தான். கம்பெனிக்குக் கம்பெனி ஓர் அங்குலம் முன்னே பின்னே இருக்கும், அந்தக் கம்பெனியின் அட்டவணையையும் பாருங்கள்.

மரம்: மூன்று பெயர்கள்

இங்கிலீஷ் வில்லோ இங்கிலாந்தில் வளர்ந்த மரம். அங்கிருந்து துண்டுகளாக வந்து மீரட்டிலும் ஜலந்தரிலும் பேட்டாகிறது. இந்த இரண்டு ஊர்களின் தொழிலுக்கும் இன்று பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட்டோடு உறவு உண்டு. பிரிவினையின்போது அங்கிருந்து வந்த குடும்பங்கள் தொழிலையும் கூடவே கொண்டுவந்தன. மீரட்டின் எஸ்ஜி கம்பெனி 1931-ல் சியால்கோட்டில் தொடங்கியதுதான். காஷ்மீர் வில்லோ அனந்த்நாக் மாவட்டத்தில் சங்கம் என்ற ஊர், பிஜ்பெஹாரா ஆகிய பகுதிகளிலிருந்து வருகிறது. இங்கிலீஷ் வில்லோ வெளிறிய நிறம், லேசு, பந்து பட்டால் துள்ளும். காஷ்மீர் வில்லோ கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் கனம், நன்றாகத் தாங்கும். டென்னிஸ் பந்துக்கு நல்ல காஷ்மீர் வில்லோவே தாராளம். அதற்குப் பத்தாயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாவது பெயரில்தான் ஏமாறுகிறார்கள். 'பாப்புலர் வில்லோ' என்று ஆன்லைனில் நிறையப் பார்ப்பீர்கள். அது பாப்ளர் என்ற வேறு மரம். பெயரைக் கொஞ்சம் திருப்பி, பக்கத்தில் வில்லோவைச் சேர்த்துவிடுகிறார்கள். பாப்ளர் மலிவு, மாடியில் பிள்ளைகள் லேசான டென்னிஸ் பந்தில் ஆடப் போதும், அதைச் சொல்லி விற்றால் தவறில்லை. வில்லோ விலைக்கு அதை வாங்கக்கூடாது என்பதுதான் விஷயம். அதேபோல 'இங்கிலீஷ் வில்லோ ஃபினிஷ்', 'இங்கிலீஷ் வில்லோ டிசைன்' என்றால் அது இங்கிலீஷ் வில்லோ இல்லை. தலைப்பில் ஒன்று போட்டு, கீழே விவரப் பட்டியலில் 'பொருள்: மரம்' என்று மட்டும் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம்.

முகத்தில் நேராக ஓடும் கிரெயின் கோடுகளை எண்ணி விலை சொல்வார்கள். கிரேடு என்பது பெரும்பாலும் பார்வைக்கான தரம். கோடு அதிகம், கறை இல்லை என்றால் கிரேடு ஏறும், விலையும் ஏறும். ஆறு கோடு உள்ள பேட் பன்னிரண்டு கோடு உள்ள பேட்டைவிட நன்றாக அடிப்பதும் உண்டு, அதிக நாள் உழைப்பதும் உண்டு. பட்ஜெட் கம்மி என்றால் ஒரு பக்கம் பழுப்புக் கறை உள்ள மூன்றாம் கிரேடு இங்கிலீஷ் வில்லோவைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் முகம் முழுக்க ஸ்டிக்கரும் ஃபைபர் ஷீட்டும் ஒட்டி, மரமே கண்ணில் படாத பேட்டை லெதர் பந்துக்கு எடுக்க வேண்டாம். அடியில் முடிச்சு இருக்கிறதா, மக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வழியே இல்லை.

ஸ்டிக்கரைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எம்ஆர்எஃப் 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சின்ன இடமாகத் தொடங்கிய கம்பெனி. சச்சின், லாரா, கோலி கையில் அந்த எழுத்தைப் பார்த்தே வளர்ந்தோம், அதனால் ஒரு சொந்த உணர்வு. அதன் பெயரில் அசல் பேட்டும் விற்பனைக்கு உண்டு. எண்ணூறு ரூபாய் பேட்டில் ஒட்டியிருக்கும் அதே எழுத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஸ்டிக்கர் ஷீட் தனியாகவே விற்கிறது. ஸ்டிக்கரை விட்டுவிட்டு மரம், எடை, விற்பவர் மூன்றையும் பாருங்கள்.

விற்பனைப் பக்கத்தை எப்படிப் படிப்பது

'6,999 ரூபாய் பேட் 899 ரூபாய்' என்பதில் முதல் எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். இரண்டாவது எண்ணை மட்டும் வைத்து, அந்த விலைக்கு எந்த மரம் வரும் என்று யோசியுங்கள். பெரியவர்கள் சைஸ் இங்கிலீஷ் வில்லோ ஐயாயிரத்துக்கும் கீழே என்றால் சந்தேகப்படுங்கள். ஆயுத பூஜை, தீபாவளி சமயத்துத் தள்ளுபடி சில பேட்டுகளில் உண்மை, சிலவற்றில் விலையை ஏற்றிவிட்டு இறக்குவது. பிடித்த பேட்டின் விலையை இரண்டு வாரம் முன்பிருந்தே குறித்து வைத்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

விற்பவர் யார் என்று பாருங்கள். பெரிய தளத்தில் வாங்கினாலும் விற்பது வேறு ஒரு கடையாக இருக்கும். கம்பெனியின் சொந்தக் கடை என்றாலோ, பல வருடமாக விளையாட்டுச் சாமான் மட்டும் விற்கும் கடை என்றாலோ நல்லது. செருப்பும் குக்கரும் பேட்டும் ஒன்றாக விற்பவரிடம் எடை கேட்டால் பதில் வராது. தயாரித்தவர் பெயர், எந்த நாட்டில் செய்தது, எம்ஆர்பி ஆகியவற்றைப் பக்கத்தில் காட்ட வேண்டும் என்பது சட்டம். அது இல்லாத இடத்தில் மேலே படிக்கவே வேண்டாம்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் தள்ளிவிட்டு மூன்று நட்சத்திரத்தைப் படியுங்கள். நிதானமாக எழுதுகிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள். வாங்கியவர்கள் போட்ட படங்களில் பேட்டின் முகமும் டோவும் (கீழ் நுனி) எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். 'டெலிவரி சூப்பர்' என்பது பேட்டைப் பற்றிய கருத்து இல்லை. 'இரண்டு மாதத்தில் ஹேண்டில் ஆடுகிறது' என்பதுதான் கருத்து.

அடுத்து ரிட்டர்ன். 'ரிட்டர்ன்' என்றால் காசு திரும்பும். 'ரீப்ளேஸ்மென்ட் மட்டும்' என்றால் வேறு பேட் தருவார்கள், காசு வராது. எடை பிடிக்கவில்லை என்பதை ஒரு காரணமாக ஏற்பார்களா என்பதையும் பாருங்கள். லெதர் பந்துக்கான விலை உயர்ந்த பேட்டை, ரிட்டர்ன் இல்லாத இடத்தில் வாங்கவே கூடாது.

வாட்ஸ்அப்பில் 'மீரட் ஃபேக்டரி ரேட்'

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் நேரடியாக விற்கும் நல்ல தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் பெரிய நன்மை, உங்களுக்கு வரப்போகும் அதே பேட்டைக் காட்டச் சொல்லலாம். வீடியோ காலில் அந்தப் பேட்டைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். முகம், பின்பக்கம், இரண்டு எட்ஜ், டோ, ஹேண்டில் சேரும் இடம் எல்லாவற்றையும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் சந்தோஷமாகக் காட்டுவார். 'ஸ்டாக் முடியுது, இப்பவே ஜிபே பண்ணுங்க' என்று அவசரப்படுத்துபவரை அப்படியே விட்டுவிடுங்கள். பணம் திருப்பித் தருகிறேன் என்று க்யூஆர் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால் அது மோசடி. பணம் வாங்க யாரும் யூபிஐ பின் போடத் தேவையில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

டீம் சேர்ந்து காசு போட்டு வாங்கும்போது ஆர்டரும் பில்லும் ஒரே ஆளின் பெயரில் இருக்கட்டும். புகார் என்று வந்தால் அவர்தான் பேச வேண்டியிருக்கும்.

பார்சல் வந்ததும்

வீட்டில் ஆள் இருக்கும் நாளாகப் பார்த்து வாங்குங்கள். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாலும் ரிட்டர்ன் நாள்கணக்கு அன்றே ஓட ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் அட்டைப்பெட்டி நனைந்து வந்தால் பிரிக்கும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்சலைப் பிரிப்பதை வெட்டு இல்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். முகவரி லேபிள் தெரிய ஆரம்பித்து, பேட் வெளியே வரும்வரை ஓடட்டும். உடனே உறையைக் கழற்றித் தராசில் வையுங்கள். சொன்ன எடையைவிட ஐம்பது கிராமுக்கு மேல் கூடியிருந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பிறகு எட்ஜ் பக்கமாகக் கண்ணை வைத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கமாக லேசான வளைவு இருக்கும், அது வேண்டும். இடது வலதாகத் திருகியிருக்கக்கூடாது. ஹேண்டில் மரத்துக்குள் 'வி' வடிவில் இறங்கும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா, பசை பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிளேடை ஒரு கையிலும் ஹேண்டிலை ஒரு கையிலும் பிடித்து மெதுவாகத் திருகினால் சத்தம் வரக்கூடாது. டோவில் மயிரிழை விரிசலுக்குத் தேடுங்கள்.

அடித்துப் பார்க்க ஆசையாக இருக்கும். சுத்தமான புது டென்னிஸ் பந்தை வீட்டுக்குள்ளேயே பேட்டின் முகத்தில் மெல்லத் தட்டித் துள்ளவிடுங்கள். டோவிலிருந்து மேலே ஒவ்வொரு இடமாக வந்தால் எங்கே நன்றாகத் துள்ளுகிறது என்று கைக்குத் தெரியும். அந்த இடம்தான் ஸ்வீட் ஸ்பாட். சிமெண்ட் தரையிலும் மேட் விரித்த பிட்சிலும் பந்து எழும்பி வரும், அதற்கு ஸ்வீட் ஸ்பாட் கொஞ்சம் மேலே இருப்பது நல்லது. பந்து தாழ்ந்து வரும் மண் தரையில் ஆடினால் கீழே இருக்கட்டும். தெருவுக்குக் கொண்டுபோகாதீர்கள், லெதர் பந்தைத் தொடவிடாதீர்கள், எண்ணெய் விடாதீர்கள், பேட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை உரிக்காதீர்கள். ஒரு சிவப்புக் கறை பட்டாலும் 'பயன்படுத்திய பொருள்' என்று சொல்லிவிடுவார்கள்.

குறை இருந்தால் ஆப்பில் எழுத்தாகவே புகார் போடுங்கள். போனில் பேசியது நிற்காது. 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, பழுதான, போலியான, அல்லது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக்கூடாது. தளம் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நமக்குச் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. பேட்டுக்காக அவ்வளவு தூரமா என்று நினைக்க வேண்டாம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது, கேட்க உரிமை இருக்கிறது.

பேட் நிலைத்துவிட்டது என்றால்

டென்னிஸ் பேட்டுக்குப் பெரிய வேலை இல்லை. டோவைக் காக்கும் டோ கார்டு ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். தார் ரோட்டில் தட்டித் தட்டியே டோ தேய்ந்துவிடும். கடலோரம் குடியிருப்பவர்கள் பேட்டை ஈரத் தரையில் நிறுத்தி வைக்கக்கூடாது, டோ ஈரத்தை உறிஞ்சி உப்பிப் போகும். மொட்டை மாடி வெயிலிலும் போட வேண்டாம்.

லெதர் பேட் என்றால் பொறுமை வேண்டும். முகத்தில் ஷீட் ஒட்டாத பேட்டுக்குக் காய்ச்சாத ஆளி விதை எண்ணெயை ஒரு டீஸ்பூன் அளவுக்குத் துணியில் தொட்டு முகம், எட்ஜ், டோவில் தடவி, ராத்திரி படுக்கவைத்து உலர விடுங்கள். ஹேண்டில் சேரும் இடத்திலும் ஸ்டிக்கரிலும் எண்ணெய் படக்கூடாது. ஷீட் ஒட்டியிருந்தால் முகத்துக்கு எண்ணெய் தேவையில்லை. அப்புறம் மேலட் என்ற மரச் சுத்தியலால் தட்ட வேண்டும். இதைத்தான் நாக்கிங் என்பார்கள். முதலில் மெதுவாக, போகப் போக அழுத்தி. எட்ஜை நேராக அடிக்காமல் சாய்வாக உருட்டித் தட்டுங்கள். ஒரே மூச்சில் முடிக்காமல் பல நாளாகப் பிரித்து மொத்தம் நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகட்டும். 'நாக்கிங் செய்தது' என்று போட்டு வரும் பேட்டுக்கும் ஒரு மணி நேரமாவது கொடுங்கள். ஹவுசிங் போர்டு வீடுகளில் இருப்பவர்கள் மதிய நேரத்தில் தட்டினால் யாருக்கும் தொந்தரவில்லை. தட்டி முடித்ததும் பழைய லெதர் பந்தை நண்பரை மெதுவாகப் போடச் சொல்லி நெட்ஸில் ஆடுங்கள். முகத்தில் தையல் தடம் ஆழமாகப் பதிந்தால் இன்னும் தட்ட வேண்டும். பதியவில்லை என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.